அடித்தளம் விரியும்போது



கணிதத்தில் கேட்பதற்கு எளிதாயும் விடைகாண அரிதாயும் இருக்கும் வினாக்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றி இன்று பேச விழைகின்றேன். 1955 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் எழுந்து, 1976 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் ருஷ்யாவிலும் ஒருங்கே விடை பெற்ற வினா அது. இடைப்பட்ட இருபத்தோராண்டுகளில் அதற்கு முதன்முதலாகக் குறிப்பிடத்தக்க ஒரு பகுதி விடையைக் கண்டவர், காஞ்சிபுரத்திற் பிறந்து, பம்பாயில், அதாவது இன்றைய மும்பையில், ஆராய்ச்சி பயின்ற ஒரு தமிழ் இளைஞர். மாட்டுங்காவிலும் கரோல்பாக்கிலும் கல்கத்தாவின் தென்பகுதியிலும் வாழ்ந்துகொண்டு இவ்வுரையைக் கேட்கும் அன்பர்களுக்கு இச்செய்தி உவப்பளிக்கும் என்று நம்புகின்றேன். ஆயினும் அவர் தமிழர் என்பதற்காக மட்டும் இதனைச் சொல்ல வரவில்லை. முழு விடையன்று, பகுதி விடையே ஒருவர் கண்டது என்றால் அவ்வுழைப்பின் மதிப்பு யாது என்பதை இவ்வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. அதனாலேயே இதனைத் தேர்ந்தெடுத்தேன்.

வினாவைப் புரிந்துகொள்ள மூன்று சொற்கள் வேண்டும். முதலாவது வளையம். கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் தடையின்றி நடைபெறும் ஓர் எண்ணுலகத்தை வளையம் என்பர். முழு எண்களின் கூட்டம் ஒரு வளையம். அங்கே கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம்; ஆனால் மூன்றை இரண்டால் வகுத்தால் முழு எண் கிடைப்பதில்லை. வகுத்தலும் தடையின்றி நடைபெறுமானால், அதாவது சுழியல்லாத எவ்வெண்ணாலும் வகுக்கலாமானால், அவ்வுலகத்தைக் களம் என்பர். பின்ன எண்களின் கூட்டம் ஒரு களம்.

ஒரு வளையத்தை விரிவாக்கவும் கூடும். பள்ளியில் நாம் அனைவரும் அவ்விரிவாக்கத்தைச் செய்தே இருக்கின்றோம். எண்களோடு ஒரு மாறியைச் சேர்த்துக்கொண்டு, அம்மாறியின் வர்க்கம், கனம் முதலிய படிகளை எண்களாற் பெருக்கிக் கூட்டினால் பல்லுறுப்புக் கோவைகள் பிறக்கின்றன. அக்கோவைகளின் கூட்டமும் ஒரு வளையமே. பழைய வளையம் புதியதனுள் அடித்தளமாக அமைந்து கிடக்கின்றது. இரண்டாவது மாறியைச் சேர்த்தால் மேலும் ஒரு விரிவு. இவ்வாறு எத்தனை மாறிகளையும் சேர்த்துக்கொண்டே போகலாம்.

இரண்டாவது சொல் மாட்யூல். ஒரு வளையத்தின் உறுப்புகளாற் பெருக்கவும், தம்முள் கூட்டவும் இடந்தரும் பொருள்களின் தொகுதியே மாட்யூல். அவற்றுள் எளிதானது கட்டற்ற மாட்யூல். ஓர் ஊரில் ஒரு மூலைக்கல்லிலிருந்து கிழக்கே இத்தனை அடி, வடக்கே இத்தனை அடி என்று சொன்னால் எந்த வீட்டையும் ஐயமின்றிக் காட்டிவிடலாம். கிழக்கு, வடக்கு என்னும் அவ்விரு திசைகளைப் போன்று, ஒவ்வோர் உறுப்பையும் ஒரே வகையில் அளந்து சொல்ல உதவும் உறுப்புகளின் கூட்டத்தை அடிக்கணம் என்பர். அடிக்கணம் உடைய மாட்யூலே கட்டற்ற மாட்யூல்.

மூன்றாவது சொல் வீழ்ப்பு மாட்யூல். ஆங்கிலத்திலே புராஜக்டிவ் மாட்யூல் என்று வழங்குவது இதுவே. இதற்கென்று அடிக்கணம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் தக்கதொரு துணையை அதனருகில் வைத்தால் இரண்டும் சேர்ந்து ஒரு கட்டற்ற மாட்யூலாகிவிடும். தனித்து நிற்கையில் அளவுகோல் இல்லாமலும், துணையோடு நிற்கையில் அளவுகோல் பெற்றும் விளங்கக்கூடிய தொகுதி இது.

அப்படியும் ஒரு பொருள் இருக்க முடியுமா என்று கேட்பீர்கள். எண்களிலேயே சான்று உண்டு. முழு எண்களோடு, கழித்தல் ஐந்தின் வர்க்கமூலத்தைச் சேர்த்து ஒரு வளையம் அமையுங்கள். அதன் ஒவ்வோர் உறுப்பும் ஒரு முழு எண்ணும், அவ்வர்க்கமூலத்தின் ஒரு முழு மடங்கும் சேர்ந்தது. அவ்விரு முழு எண்களையும் கூட்டினால் இரட்டைப்படை வரும் உறுப்புகளை மட்டும் தனியே பிரித்தெடுங்கள். இது வளையத்தின் சரிபாதி. இப்பாதிக்கு அடிக்கணம் இருக்குமாயின், அது ஒரே உறுப்பாகத்தான் இருக்கவேண்டும். அவ்வுறுப்பின் முதல் எண்ணின் வர்க்கத்தோடு இரண்டாம் எண்ணின் வர்க்கத்தை ஐந்தால் பெருக்கிக் கூட்டினால் 2 வரவேண்டும். முழு எண்களில் இது இயலாது என்பதைத் தாளும் எழுதுகோலும் இன்றியே கண்டுகொள்ளலாம். ஆகவே இப்பாதிக்கு அடிக்கணம் இல்லை. ஆனால் இதே போன்ற இரண்டு பாதிகளை அருகருகே வைத்தால், இரண்டு உறுப்புகள் கொண்ட செவ்வையான அடிக்கணம் கிடைத்துவிடுகின்றது! தனக்குத் தானே துணையாகி நிறைவுறும் தொகுதி இது.

வடிவியலிலும் ஒரு சான்று சொல்லலாம். உருண்டையான ஒரு காயின்மேல் எங்கும் நார் முளைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். அந்நாரை எங்கும் மேற்பரப்போடு படியும்படி வாரிப்பாருங்கள். எவ்வளவு திறமையாக வாரினாலும் எங்கேனும் ஓரிடத்தில் நம் தலையில் உள்ளதைப் போன்ற ஒரு சுழி நின்றே தீரும். உருண்டையின் மேற்பரப்போடு படிந்து செல்லும் திசைகளின் தொகுதி ஒரு வீழ்ப்பு மாட்யூல். பரப்பிலிருந்து செங்குத்தாக வெளியே செல்லும் திசை ஒன்றைத் துணையாகச் சேர்த்தால் மூன்று திசைகளும் கொண்ட கட்டற்ற மாட்யூல் கிடைக்கின்றது. துணையை நீக்கினாலோ அடிக்கணம் இல்லாமற் போகின்றது. அதனை மறுப்பது அந்தச் சுழியே.

இனி வினாவுக்கு வருவோம். 1955 ஆம் ஆண்டில் ழான் பியேர் செர்ரே என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் வெளியிட்ட ஒரு நெடுங்கட்டுரையில் ஒரு குறிப்பு வருகின்றது. ஒரு களத்தை அடித்தளமாகக் கொண்டு பல மாறிகளைச் சேர்த்து அமைத்த பல்லுறுப்புக் கோவை வளையத்தின்மேல், முடிவுள்ள அளவினதாய், ஆனால் கட்டற்றதாக இல்லாத ஒரு வீழ்ப்பு மாட்யூல் உண்டா என்பது தெரியவில்லை என்று அவர் எழுதினார். தெரியவில்லை என்றாரேயன்றி, இப்படித்தான் இருக்கும் என்று அவர் ஊகம் கூறவில்லை. எனினும் கணித உலகம் பின்னர் அதனைச் செர்ரே ஊகம் என்றே அழைத்தது.

வினாவின் உட்பொருளை நேராகச் சொல்வதாயின் இதுவே: களத்தின்மேல் எல்லாம் செவ்வையாக உள்ளன; அங்கே எல்லா மாட்யூலும் கட்டற்றவையே. மாறிகளைச் சேர்த்து அத்தளத்தை விரிக்கும்போது அச்செவ்வை நிலைக்குமா, அன்றி உருண்டையில் தோன்றியது போன்ற சுழி ஏதேனும் புதிதாகத் தோன்றிவிடுமா? பல்லுறுப்புக் கோவை வளையம் வளைவற்ற, எல்லையற்ற வெளிக்கு ஒப்பானது. அங்கே சுழி தோன்றக் காரணம் எதுவும் கண்ணுக்குத் தென்படுவதில்லை. ஆனால் காரணம் தென்படவில்லை என்பது நிறுவல் ஆகாது.

மாறி ஒன்றே ஆயின் விடை எளிது. ஒரு மாறியுள்ள கோவைகளை ஒன்றை மற்றொன்றால் வகுத்து மீதி காணலாம். யூக்ளிடு காட்டிய அப்பழைய முறை போதும். மாறி இரண்டானால் அம்முறை கைவிட்டுவிடும். இந்த இடத்திலேதான் சி. எஸ். சேஷாத்ரி வருகின்றார்.

சேஷாத்ரி 1932 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29 ஆம் நாள் காஞ்சிபுரத்திற் பிறந்தார். சென்னை லயோலா கல்லூரியிற் பயின்றார். அங்கே சார்ல்ஸ் ராசீன் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் கணிதம் கற்பித்துவந்தார்; அக்காலத்தில் ஐரோப்பாவில் எழுந்துகொண்டிருந்த புதுக்கணிதத்தைத் தம் மாணவர்க்கு அறிமுகம் செய்து, திறமையுடையோரைப் பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் செல்லுமாறு ஊக்கிய பெருந்தகை அவர். 1953 ஆம் ஆண்டில் சேஷாத்ரி அந்நிறுவனத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். கொலாபாவின் கடற்கரையில் இன்றுள்ள பெருங்கட்டடம் அப்போது எழும்பவில்லை. அது திறக்கப்பெற்றது 1962 இல். அந்நாளில் இந்தியாவின் நுழைவாயில் அருகில் இருந்த பழைய படகுக் கழகக் கட்டடத்தில் நிறுவனம் இயங்கிவந்தது. கே. சந்திரசேகரன் அங்கே கணிதப் பிரிவை உருவாக்கிக்கொண்டிருந்தார். ராசீனிடம் பயின்ற எம். எஸ். நரசிம்மனும் அதே காலத்தில் அங்கு வந்து சேர்ந்தார்.

1958 ஆம் ஆண்டில் சேஷாத்ரி வெளியிட்ட ஒரு சிறு கட்டுரை, இரண்டு மாறிகளுக்குச் செர்ரேயின் வினாவைத் தீர்த்துவைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. உண்மையில் அவர் நிறுவியது இன்னும் பரந்தது. முழு எண்களைப் போல ஒவ்வொரு சீர்மமும் ஓர் உறுப்பின் மடங்குகளாகவே அமையும் வளையம் எதுவாயினும், அதனோடு ஒரு மாறியைச் சேர்த்தால், விரிந்த வளையத்தின்மேல் முடிவுள்ள வீழ்ப்பு மாட்யூல் எல்லாம் கட்டற்றவையே என்பது அவர் கண்ட தேற்றம். இங்கே சீர்மம் என்றது, வளையத்தின் எவ்வுறுப்பாற் பெருக்கினாலும் தன்னுள்ளேயே அடங்கும் கூட்டத்தை. முன்னர் நாம் கண்ட பாதி வளையம் அத்தகைய சீர்மமே. அது ஓர் உறுப்பின் மடங்குகளாக அமையாதது என்பதையும் கண்டோம்.

நிறுவலின் போக்கைச் சுருங்கச் சொல்கின்றேன். அதன் எளிமை கண்டு மகிழத்தக்கது. நம்மிடம் உள்ள வீழ்ப்பு மாட்யூலினுள்ளே ஒரு கட்டற்ற மாட்யூலை வைக்கலாம். அது உள்ளே முழுவதும் நிரம்பாது. சிறிது குறை இருக்கும். அக்குறையை அடித்தளத்தின் ஓர் உறுப்பு அளந்து காட்டும். அவ்வுறுப்பைப் பகா உறுப்புகளாகப் பிரிக்கலாம். அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அதனால் வகுத்த மீதியில் மட்டும் பார்த்தால் அடித்தளம் ஒரு களமாகிவிடுகின்றது. அங்கே யூக்ளிடின் முறை செல்லும். அம்முறையால் அடிக்கணத்தைத் திருத்தலாம். ஓர் உறுப்பின் மடங்கை மற்றோர் உறுப்போடு கூட்டுவதே அத்திருத்தம். ஆதலின் மீதியுலகில் செய்த திருத்தத்தை மேலே உள்ள வளையத்திலும் அப்படியே செய்யலாம். திருத்தியபின், அடிக்கணத்தின் சில உறுப்புகளை அப்பகா உறுப்பால் வகுத்துவிடலாம். குறை ஒரு படி குறைகின்றது. இவ்வாறு ஒவ்வொன்றாகக் களைந்துகொண்டே சென்றால், முடிவில் குறை அற்றுப்போய்க் கட்டற்ற மாட்யூல் முழுவதும் நிரம்பி நிற்கின்றது.

மூன்றாவது மாறிக்கு இம்முறை ஏன் செல்லவில்லை? அப்போது அடித்தளமே இரண்டு மாறிகள் கொண்டதாகிவிடுகின்றது. அங்கே ஒரு பகா உறுப்பின் மீதியுலகம் களமாவதில்லை; யூக்ளிடின் வகுத்தலுக்கு அங்கு இடமில்லை. ஆகவே வினா பல ஆண்டுகள் திறந்தே நின்றது.

இதற்கிடையில் செர்ரே அவ்வினாவை வேறு வடிவில் மாற்றிக் காட்டினார். பல்லுறுப்புக் கோவைகளின்மேல் எந்த வீழ்ப்பு மாட்யூலுக்கும் ஒரு கட்டற்ற மாட்யூலையே துணையாகச் சேர்த்துக் கட்டற்றதாக்கிவிடலாம் என்று அவர் நிறுவினார். அதனால் வினா கணக்குப் புத்தகத்தில் எழுதத்தக்க ஒன்றாக மாறியது. 5, 7 என்ற இரண்டு எண்களை ஒரு வரிசையாக எழுதுங்கள். அதன்கீழ் 2, 3 என்று எழுதினால், 5 ஐ 3 ஆல் பெருக்கி, 7 ஐ 2 ஆல் பெருக்கிக் கழிக்கும்போது 1 வருகின்றது. பொதுக்காரணி இல்லாத முழு எண்களின் எவ்வரிசையையும் இவ்வாறு கீழே வரிசைகள் சேர்த்து, அணிக்கோவை 1 ஆகும் சதுர அணியாக நிரப்பலாம். எண்களுக்குப் பதிலாகப் பல்லுறுப்புக் கோவைகளை எழுதி, அவற்றைத் தக்க கோவைகளாற் பெருக்கிக் கூட்டினால் 1 வரும் என்றால், அவ்வரிசையையும் இங்ஙனம் நிரப்பலாமா? இதுவே புதுவடிவ வினா. உருண்டையின்மேல் இது இயலாது. அதனைத் தடுப்பது நாம் முன்பு கண்ட சுழிதான்.

1964 ஆம் ஆண்டில் ஜெஃப்ரி ஹாரக்ஸ் ஒரு புள்ளியின் அண்மையில் மட்டும் பார்க்கும்போது பயன்படும் ஒரு தேற்றத்தைக் கண்டார். 1974 இல் பவமான மூர்த்தியும் டவ்பரும், எல்லாச் சமன்பாடுகளுக்கும் மூலம் உள்ள களங்களின்மேல், மூன்று மாறிகளுக்கு விடை கண்டனர். 1976 இல் அமெரிக்காவில் டேனியல் குவில்லனும், லெனின்கிராடில் ஆந்திரேய் சுஸ்லினும் ஒருவரை ஒருவர் சாராமல், எத்தனை மாறிகளாயினும் விடை ஒன்றே என்று நிறுவினர். களத்தை எவ்வளவு விரித்தாலும் செவ்வை கெடுவதில்லை, சுழி தோன்றுவதில்லை. குவில்லன் கண்ட வழி குறிப்பிடத்தக்கது: ஒரு மாட்யூல் ஒவ்வொரு புள்ளியின் அண்மையிலும் அடித்தளத்திலிருந்தே வந்ததாகத் தோன்றுமாயின், முழுமையிலும் அடித்தளத்திலிருந்தே வந்ததாகும் என்று அவர் காட்டினார். துணியின் ஒவ்வொரு துண்டும் செவ்வையாயின், தையலும் செவ்வையாகவே அமையும் என்பது போன்றது அது. ஹாரக்ஸின் தேற்றம் ஒவ்வொரு துண்டையும் தந்தது. குவில்லன் அவற்றை இணைத்தார்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. விரிவு எதுவாயினும் செவ்வை நிலைக்கும் என்று எண்ணிவிடலாகாது. அடித்தளத்தில் ஒரு கூர்முனை இருந்தால் போதும், எல்லாம் மாறிவிடும். ஒரு மாறியுள்ள கோவைகளில், முதற்படி உறுப்பு இல்லாதவற்றை மட்டும் எடுத்து ஒரு வளையம் அமைத்தால், அதற்குரிய வளைகோட்டில் ஒரு கூர்முனை இருக்கும். அவ்வளையத்தோடு புதிய மாறி ஒன்றைச் சேர்த்தவுடனே, அடித்தளத்திலிருந்து வாராத புதிய வீழ்ப்பு மாட்யூல்கள் தோன்றிவிடுகின்றன.

பெருக்கலில் வரிசை மாற்றினால் விடை மாறும் எண்ணுலகங்களும் உண்டு. ஹாமில்டன் 1843 இல் கண்ட நாற்கூறு எண்கள் அத்தகையவை. அவற்றை அடித்தளமாக வைத்து இரண்டு மாறிகளைச் சேர்த்தால், கட்டற்றதல்லாத வீழ்ப்பு மாட்யூல்கள் தோன்றுகின்றன என்று 1971 இல் ஒஹாங்குரெனும் ஆர். ஸ்ரீதரனும் நிறுவினர். ஸ்ரீதரன் கடலூரிற் பிறந்து டாடா நிறுவனத்திற் பணியாற்றியவர். அவரிடம் ஆராய்ச்சி பயின்ற ஆர். பரிமளா சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியின் மாணவி. மாட்யூலோடு, நீளத்தையும் கோணத்தையும் அளக்கும் இருபடி அமைப்பு ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் செர்ரேயின் வினாவுக்கு விடை யாது என்று ஆராய்ந்தார் அவர். மெய்யெண்களின்மேல் இரண்டே மாறிகளில், அடித்தளத்திலிருந்து வாராத அமைப்புகள் உண்டு என்று 1976 இல் காட்டினார். மாட்யூல் செவ்வையாக இருந்தும் அதன்மேல் அமைந்த அளவு செவ்வையாக இல்லை! குவில்லனும் சுஸ்லினும் ஆம் என்ற அதே ஆண்டில், அண்டையிலுள்ள வினாவுக்கு இல்லை என்ற விடை மும்பையிலிருந்து வந்தது.

இனி முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். இரண்டு மாறிகளுக்கு மட்டும் விடை கண்ட உழைப்பு, எல்லா மாறிகளுக்கும் விடை கிடைத்தபின் மறைந்துவிட்டதா? இல்லை. பின்வந்தோர் பயன்படுத்திய எண்ணம், ஒரே ஒரு மாறியைச் சேர்க்கும் விரிவை நன்கு அறிந்தால் போதும், மற்றவை படிப்படியாக வரும் என்பது. அப்படியில் கால்வைத்துக் காட்டியவர் சேஷாத்ரி.  அவருடைய தேற்றம் தன்னளவில் முழுமையானது. முழு எண்களுக்கும் பொருந்துவது. ஒரு பெரும் வினாவின் பகுதியாகப் பார்க்கும்போதுதான் அது பகுதி விடை.

பயன் யாது என்று கேட்போரும் உண்டு. கோவைகளின் வரிசையைச் சதுர அணியாக நிரப்பும் முறை, பல மாறிகளைச் சார்ந்த இயந்திர அமைப்புகளின் கட்டுப்பாட்டிலும், படங்களின் குறிகைகளைப் பிரித்துச் சேர்க்கும் வடிகட்டிகளிலும் இன்று பயன்படுகின்றது. கணிப்பொறியில் அதனைச் செய்துமுடிக்கும் வழிமுறைகளை லோகரும் ஸ்டர்ம்ஃபெல்சும் 1992 இல் வகுத்தனர். ஆயினும் 1958 இல் இப்பயன்களை எவரும் கருதியிருக்கவில்லை. வினா உண்மையானது என்பதே அப்போது போதுமான காரணமாக இருந்தது.

சேஷாத்ரி பின்னர் நரசிம்மனோடு சேர்ந்து 1965 இல் வெளியிட்ட தேற்றம் உலகெங்கும் அறியப்பட்டது. 1984 இல் அவர் சென்னைக்குத் திரும்பினார். இன்று சென்னைக் கணிதவியல் நிறுவனம் என்று விளங்கும் கல்விக்கூடத்தை உருவாக்கினார். கருநாடக இசையிலும் வல்லவராயிருந்த அவர் 2020 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மறைந்தார்.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களின் இல்லங்களில், ஒரு கணக்கை வைத்துக்கொண்டு நெடுநேரம் தாளைக் கிறுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். கணக்கு முடிந்ததா என்று கேட்பது பெற்றோர் வழக்கம். எதுவரை வந்திருக்கின்றாய் என்றும் ஒருமுறை கேளுங்கள். அவ்வினாவுக்குப் பிள்ளை சொல்லும் விடையில், தான் கடந்த படியும், இனித் தடுக்கும் படியும் அதற்கே தெளிவாகும். செர்ரேயின் வினாவும் அவ்வாறே ஒரு மாறியிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும், மூன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் நடந்து சென்றது.